பெட்டிக்குள் தேடிய நாற்பது நாள்

டிவி ரிப்பேருக்கு அவரைக் கூப்பிட்டால் வருவார். பையைக் கீழே வைப்பார். ஒரு நாற்காலியை இழுத்து, டிவிக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "நீங்க பாட்டுக்குப் பாருங்க. படம் போச்சுன்னா ஒரு சத்தம் கொடுங்க" என்பார். வீட்டார் படத்தைப் பார்ப்பார்கள்; அவர் வீட்டாரைப் பார்ப்பார். "போயிடுச்சு!" என்று யாராவது கத்தினால் திரும்பிப் பெட்டியைப் பார்க்கமாட்டார். கத்தியவரின் கண்ணைத்தான் முதலில் பார்ப்பார். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம், "உங்களுக்கும் போச்சா?" என்று கேட்பார். எல்லாருக்கும் போயிற்று என்று தெரிந்த பிறகு ஒரு பெருமூச்சு விட்டு ஸ்குரு டிரைவரை எடுப்பார்.

"என்ன மனுஷன்யா இவரு? டிவிய பாக்கச் சொன்னா நம்ம மூஞ்சிய பாக்குறாரு" என்று தெருவில் சிரித்தார்கள். பிள்ளைகள் 'முதுகு மெக்கானிக்' என்று பேர் வைத்தன. அது அவர் காதிலும் விழும். நாற்காலியைத் திருப்பிப் போடுவதை மட்டும் நிறுத்தமாட்டார்.

அவர் எப்போதும் அப்படி இருந்தவரில்லை. ஒரு காலத்தில் பெட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாத மனுஷன். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பெண்டாட்டியின் கண்ணைக் கோட்டை விட்டார். கண்ணோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, அவருடைய தங்கை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் வேறு ஊரில் இருந்தாள். தங்கை கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்து, ஒரு தையல் மெஷினோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த நாள் முதல் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏட்டிக்குப் போட்டிதான். அண்ணி "மழை வரும்" என்றால் இவள் காயப்போட்ட துணியை எடுக்கமாட்டாள். இவள் "உப்பு கம்மி" என்றால் அண்ணி அதில் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவாள். சுவர்க் கடிகாரம் முன்னால் ஓடுகிறதா பின்னால் ஓடுகிறதா என்று இரண்டு பேரும் ஒரு மாசம் சண்டை போட்டார்கள். கடைசியில் கடிகாரமே வெறுத்துப்போய் நின்றுவிட்டது.

ஆரம்பத்தில் அவர் நடுவில் உட்கார்ந்து நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தோட்டு விஷயத்தோடு அந்த வேலை முடிந்தது. மகளுக்கு இரண்டு வயசு இருக்கும். பீரோவில் இருந்த ஜோடித் தோட்டில் ஒன்றைக் காணோம். "நான் தொடவே இல்லைங்க" என்றாள் மனைவி. "அண்ணியோட தம்பி வந்திருந்தப்ப அவங்க பீரோவைத் திறந்ததை நான் பார்த்தேன்" என்றாள் தங்கை. அவர் தங்கை பேச்சை எடுத்துக்கொண்டு மச்சினன் வீடு வரை போய், கேட்கக்கூடாத ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தார். அன்றைக்கே மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழு மாசம். தோடு எங்கே கிடைத்தது தெரியுமா? தையல் மெஷின் இழுப்பறையில், பட்டன் டப்பாவுக்குள். பிள்ளை விளையாட்டாக எடுத்துப் போட்டிருக்கிறது.

தோட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிடப் போனார். மாமனார் முகம் கொடுக்கவில்லை. மனைவிதான் வாசல் வரை வந்தாள். "இனிமே நான் ஒண்ணு சொன்னா, அதை இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டுத்தான் நம்புவீங்கன்னா நான் வரலை. இப்பவே சொல்லிடுங்க."

"நீ சொன்னா சொன்னதுதான்" என்றார் அவர்.

அந்த வார்த்தையை இருபத்தாறு வருஷம் காப்பாற்றினார். தங்கை எதையாவது ஆரம்பித்தால், "சும்மா இரும்மா, அவ சொன்னா சொன்னதுதான்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார். தொழிலிலும் அதே குணம் ஒட்டிக்கொண்டது. விட்டு விட்டு வருகிற கோளாறு மெக்கானிக்கைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். வாரம் பூராவும் படுத்திய பெட்டி அவர் வந்து நின்றதும் பளிச்சென்று ஓடும். 'எல்லாம் நல்லாத்தானே இருக்கு' என்று பையைத் தூக்குகிற ஆள் இல்லை அவர். பார்த்தவர் சொன்னால் நம்புவார், நம்பிக் காத்திருப்பார்.

அவர் வீட்டு டிவி பழையது, பின்பக்கம் பெருத்த பெட்டி. இரண்டு செத்த டிவியிலிருந்து நல்லதை எல்லாம் எடுத்து ஒன்றாக்கி மனைவிக்குக் கொடுத்தது. தட்டை டிவி வாங்கலாம் என்று மகள் போனில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "உங்கப்பா கையால செஞ்சது ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று மனைவி மறுத்துவிட்டாள். அவளுக்கு வலது கண்ணில் புரை விழுந்து, பால் ஊற்றின கண்ணாடி மாதிரி வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். "இருக்கிற ஒரு கண்ணு போதும், இந்த வீட்டுல பாக்குறதுக்கு என்ன கொட்டிக் கிடக்கு?" என்பாள்.

ஒரு சாயங்காலம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மனைவியின் சத்தம் கேட்டது.

"ஏங்க! படம் போயிடுச்சு, ஓடி வாங்க!"

சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். படம் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிப் போச்சு?"

"மேலேயிருந்து ஒரு கறுப்புத் துணியை இறக்குற மாதிரி இறங்குச்சுங்க. பாதியில வந்து நின்னுச்சு. ரெண்டு நிமிஷம் இருக்கும், அதுவா மேலே ஏறிடுச்சு."

"சத்தம் வந்துச்சா?"

"சத்தம் நல்லா வந்துச்சு."

அவ்வளவுதான், அவருக்கு நோய் தெரிந்துவிட்டது. படத்தை மேலும் கீழுமாக விரித்துக் காட்டுவதற்கென்றே பெட்டிக்குள் ஒரு ஐசி உண்டு. அதன் காலில் வைத்த ஈயம் எங்கோ மயிரிழை விட்டிருக்கிறது. சூடு ஏறினால் விரிசல் விலகும், படம் பாதியாகும். மறுபடி ஒட்டிக்கொண்டால் முழுசாகும். எத்தனை பெட்டியில் பார்த்திருக்கிறார்! இவ்வளவு துல்லியமாக எந்த வாடிக்கையாளரும் கோளாறைச் சொன்னதில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அதே நாலு வார்த்தையை அவள் ஒரு டாக்டரிடம் சொல்லியிருந்தால், அந்த டாக்டர் பதறி நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அவளுக்கு வாய்த்தது டிவி மெக்கானிக்.

ஜன்னலோரம் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தங்கை தலையைத் தூக்கினாள். "எனக்கு ஒண்ணும் போகலையே? நானும் இங்கதான் இருக்கேன்."

"உன் கண்ணு ஊசிக் காதுல இருந்திருக்கும்" என்றாள் மனைவி.

"ஊசிக் காதே தெரியுது, இவ்ளோ பெரிய பெட்டி தெரியாதா அண்ணி?"

"சும்மா இரும்மா" என்றார் அவர், தலையைத் துவட்டிக்கொண்டே. "அவ சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் பின்மூடியைக் கழற்றினார். போர்டைத் தூசு தட்டி, அந்த ஐசியின் கால்கள் எல்லாவற்றுக்கும் புது ஈயம் வைத்தார். நாலு நாள் படம் போகவில்லை. ஐந்தாம் நாள் போயிற்று. ஐசியையே மாற்றினார். பக்கத்தில் இருந்த கண்டென்சரை மாற்றினார். பிக்சர் டியூபின் கழுத்தில் இருக்கிற காயிலின் வயரைப் பிடுங்கிச் சுரண்டி மாட்டினார். ஹேர் டிரையரை வைத்து போர்டைச் சூடு பண்ணினார்; ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர வைத்தார். ஸ்குரு டிரைவரின் கட்டைப் பிடியால் ஒவ்வொரு இடமாகத் தட்டித் தட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவர் பார்க்கிற வரைக்கும் படம் அசையாது. தன் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டு வந்தால், "இன்னைக்கும் போச்சுங்க" என்பாள் மனைவி, தன் தப்பு மாதிரி.

"எனக்குப் போகலை" என்பாள் தங்கை.

"உனக்கு எதுதான் போயிருக்கு?"

ஒரு நாள், "அடுப்படி லைட்டும் ஒரு மாதிரி பாதி பாதியா எரியுதுங்க" என்றாள் மனைவி. அவர் பல்பையும் ஹோல்டரையும் மாற்றினார். வோல்டேஜ் குறைகிறதோ என்று ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்து டிவிக்கு வைத்தார். மின்சாரம் போகிற பாதை முழுக்க, மீட்டர் பெட்டி வரைக்கும் தேடினார். எந்த வயரும் போய்ச் சேராத இடம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அங்கே மட்டும் தேடவில்லை.

கடைசியாகத் தொழிலில் எல்லாரும் செய்கிற ஒன்றைச் செய்தார். பழைய பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போய், கடையில் ஓடிக்கொண்டிருந்த நல்ல டிவியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தார். எட்டு நாள் வைத்தார். எட்டு நாளும் படம் போகவில்லை. "பார்த்தியா?" என்றார் தங்கையிடம். "பெட்டியிலதான் கோளாறு." பழையதைத் திரும்ப வைத்த இரண்டாம் நாளே துணி இறங்கிற்று. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அந்த எட்டு நாளும் மனைவியின் உடம்பு சும்மா இருந்தது என்பது யாருக்குத் தெரியும்? விட்டு விட்டு வருவது, விட்ட நேரத்தில் சோதித்தால் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும். இத்தனை வருஷம் அந்தத் தொழில் செய்தவருக்கு இது தெரியாததல்ல. பெட்டிகள் விஷயத்தில் தெரியும்.

நாற்பதாம் நாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார். டிவிக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். மெக்கானிக்குகள் செய்வதுதான், பெட்டிக்குப் பின்னால் குனிந்து வேலை செய்துகொண்டே முன்னால் படம் எப்படி ஓடுகிறது என்று கண்ணாடியில் பார்க்கலாம். மனைவி ஸ்டூலுக்குப் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கை ஜன்னலோரம் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பெட்டியின் சூடு அவர் முகத்தில் அடித்தது.

"இந்தா! போச்சுங்க! பாருங்க, இறங்குது!"

அவர் கண்ணாடியைப் பார்த்தார். படம் முழுசாக இருந்தது. மேல் விளிம்பு மேலே, கீழ் விளிம்பு கீழே. படத்தில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நெற்றி, தலைமுடி, தலைக்குமேல் இருந்த சுவர்ப்படம் எல்லாம் தெரிந்தது.

"தெரியுதா? பாதி வந்துடுச்சு."

பெட்டிக்கு மேலாகத் தலையைத் தூக்கினார். தங்கை தைப்பதை நிறுத்திவிட்டு, பல்லில் கடித்த நூலோடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்க்கவில்லை. இவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று பார்த்தாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாசலில் நின்றது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ.

"ஆமா" என்றார். "போச்சு. நானும் பார்த்தேன்."

மனைவி முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே! "கேட்டியா? உங்க அண்ணனே பார்த்துட்டாரு. நாப்பது நாளா என்னைப் பைத்தியக்காரி ஆக்குனியே!" என்று நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள். தங்கை உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் குனிந்துகொண்டார். விரிசலே இல்லாத ஒரு இடத்தில் இன்னொரு சொட்டு ஈயம் வைத்தார்.

மறுநாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் தங்கை வந்து நின்றாள். கடை இருந்த அத்தனை வருஷத்தில் அவள் அங்கே கால் வைத்ததில்லை.

"அண்ணே, நேத்து படம் போகலை."

அவர் ஒரு ரிமோட்டின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அண்ணியை ஜெயிக்கணும்னு சொல்லலைண்ணே. எனக்குப் பயமா இருக்கு. தண்ணி டம்ளரை மேஜைக்கு வெளியே வைக்கிறாங்க. போன வாரம் ஊசி கோர்த்துத் தரேன்னு வாங்கினாங்க, கையில வச்ச ஊசி நழுவி விழுறதுகூடத் தெரியாம விரலை விரலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. இது பொட்டி இல்லைண்ணே. அவங்கதான்."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. "முதல் நாள்லேருந்து சொல்றேனே! நான் சொல்றதை அந்த வீட்டுல யாரு கேட்டா?"

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஓடினார். அந்த ஷட்டர் மூன்று நாள் அப்படியே பாதியில் நின்றது.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மனைவி நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு, "வந்துட்டீங்களா?" என்றாள். நாக்கு லேசாகக் குழறிற்று. "இந்தத் தடவை துணி மேலே ஏறவே மாட்டேங்குதுங்க. நீங்க போனதுலேருந்து பாக்குறேன். முழுசா இறங்கிடுச்சு."

அவர் டிவியின் சுவிட்சை அணைத்தார்.

"அணைச்சுட்டேன். இப்ப டிவி ஓடலை. இப்பவும் துணி இருக்கா?"

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "இருக்கே" என்றாள், ஆச்சரியமாக. "சுவத்து மேலயும் இருக்குங்க."

ஒரு சுவிட்சை அணைத்துவிட்டுக் கேட்கிற கேள்வி. முதல் நாளே, சோப்பு நுரையோடு நின்றபோதே கேட்டிருக்கலாம். இரண்டு வினாடிகூட ஆகாது.

அவளைத் தோளில் பிடித்து அவர் தூக்கப் போனபோது அவளுடைய வலது கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து நழுவி, அவளுக்குச் சம்பந்தம் இல்லாதது போலத் தொங்கிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக்கொண்டே கேட்டார். "கழுத்து ரத்தக்குழாய்ல அடைப்பு. இதுக்கு முன்னாடி கண்ணு மறைச்சு மறைச்சு விட்டிருக்குமே? மேலேயிருந்து திரை இறங்குற மாதிரி இருக்குன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. நாப்பது நாளா சொன்னாங்க."

"அதுதாங்க எச்சரிக்கையே! அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே? என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"ஐசி மாத்திக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர்.

அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்து, அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா.

உயிர் தங்கிற்று. இடது கண் திரும்பவில்லை. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரு வார்த்தையைத் தவிர. 'இல்லை' என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ அவளிடம் தங்கிவிட்டது. பசிக்கிறதா என்றாலும் இல்லை, போதுமா என்றாலும் இல்லை, மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் இல்லை.

துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் நாத்தனார்தான். மகள் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "நீ கூட்டிட்டுப் போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். பேச்சு வரட்டும் என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பாள்.

"இன்னைக்கு மழை வரும் போல இருக்கு அண்ணி."

"இல்லை."

"சரி, வராது."

"இல்லை."

"எதுலயாவது ஒத்து வரீங்களா பாருங்க!" என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போவாள். அங்கே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

பழைய டிவியை அவர் தூக்கிப் போடவில்லை. சத்தத்துக்காகவாவது ஓடட்டும் என்று தங்கை சொன்னாள். சாயங்காலம் ஆனால் மனைவியை நாற்காலியில் சாய்த்து உட்கார வைப்பார்கள். அவளுக்கு வெளிச்சம் மட்டும் ஏதோ தெரியும். இத்தனை ஈயமும் புது ஐசியும் வைத்த பெட்டி. ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. நானும் பார்த்தேன் என்று சொன்னது பொய் என்பதை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. சொல்ல வாய் வரும்போதெல்லாம், அன்றைக்கு ஜெயித்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சிரித்த முகம் வந்து குறுக்கே நிற்கும். அதற்குப் பதிலாக, கடையிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் ஒன்று சொல்வார்.

"பொட்டி சரியாயிடுச்சும்மா. இனிமே போகாது."

"இல்லை" என்பாள் அவள்.

"சரி, இல்லை. நீ சொன்னா சொன்னதுதான்."

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. வாடிக்கையாளர் வீடுகளில் நாற்காலியைத் திருப்பிப் போட ஆரம்பித்தது அந்த நாலு வருஷத்தில்தான். ஒரு சாயங்காலம் வழக்கம் போல வந்து உட்கார்ந்தார். "பொட்டி சரியாயிடுச்சும்மா" என்றார். பதில் வரவில்லை. அவள் தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். தையல் மெஷினில் மிதித்துக்கொண்டிருந்த தங்கையின் கால் நின்றது.

"இனிமே போகாதும்மா. இல்லைன்னு சொல்லு."

டிவியில் படம் மேலிருந்து கீழ் வரை முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.